லேயா 'அண்ணா' என்று அழைத்த பக்கம்: ஒரு காமிக்ஸ் தொடரும் ஓர் உயர்நிலை மாணவனும்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சாப்பாட்டு மேசையில் மார்ச் முதல் ஜூன் வரை பதினோரு சனிக்கிழமைகள் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மேசையைச் சுற்றி மூன்று பேர். உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவன் ஒருவன். தமிழில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் அரைமணி நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பவன். அவனுடைய பாட்டி. அவனுக்குத் துணைப்பாடம் எடுக்கும் நான். எங்கள் நடுவில், 'ஸ்டார் வார்ஸ்' கதையின் தொடர்ச்சியாக 1991இல் வெளிவரத் தொடங்கிய 'டார்க் எம்பயர்' என்ற காமிக்ஸ். அதன் பேச்சுக் குமிழ்களை அந்த மாணவன் தமிழில் எழுதினான்.

காமிக்ஸைக் கொடுத்தால் பிள்ளைகள் தானாகப் படித்துவிடுவார்கள் என்று எங்கள் தொழிலில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இங்கே நான் கண்டது வேறு. ஆங்கிலத்தில் அந்தக் கதை சொல்லாமலே விட்டுவிட்ட பல விஷயங்களைத் தீர்மானிக்காமல் தமிழில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. யார் மூத்தவர், யார் யாரை 'நீ' என்கிறார், யாருக்கு 'அவன்', யாருக்கு 'அவர்' என்று ஒவ்வொரு குமிழிலும் அவன் முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்க எடுக்க, கதையைப் படிக்கிறவனாக இருந்தவன் கதையைத் தொடர்கிறவனாக மாறினான். அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

நூல்

முதல் படம் 1977 மே மாதம் திரைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே மார்வெல் நிறுவனம் அதன் காமிக்ஸைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. அந்தத் தொடர் 107 இதழ்கள் ஓடி 1986இல் நின்றது. படங்களின் கதை 1983இலேயே முடிந்திருந்தது. பேரரசர் பாதாளத்தில் விழுந்தார், டார்த் வேடர் தம் மகன் லூக்கைக் காப்பாற்றிவிட்டு உயிர்விட்டார், காட்டில் நெருப்பு மூட்டி எல்லாரும் ஆடினார்கள். பழைய தமிழ்ப் படங்களின் கடைசியில் 'சுபம்' என்று போடுவார்களே, அந்த இடம்.

1991 மே மாதம் டிமதி ஸான் எழுதிய நாவல் ஒன்று அந்த முடிவுக்கு ஐந்தாண்டுகள் பிந்திய காலத்தில் கதையை மறுபடி தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் 'டார்க் எம்பயர்' முதல் இதழ் வந்தது. 1992 அக்டோபரில் ஆறாவது இதழோடு முடிந்தது. மார்வெலில் தொடங்கிய திட்டம் கைமாறி டார்க் ஹார்ஸ் நிறுவனத்திடம் வந்து அச்சேறியது. கதை டாம் வீட்ச். ஓவியம் ஸ்காட்லாந்துக்காரரான கேம் கென்னடி. குமிழ்களுக்குள் எழுத்தை வரைந்தவர் டாட் க்ளைன். இந்தக் கடைசிப் பெயரை எங்கள் மாணவன் ஒரு கட்டத்தில் ஏக்கத்தோடு சொல்லத் தொடங்கினான். காரணம் பிறகு வரும்.

சுபம் போட்ட கதையைத் தொடர வருகிறவர்கள் பெரும்பாலும் புதிய வில்லன் ஒருவனைக் கொண்டுவருவார்கள். வீட்ச் பழைய பேரரசரையே திரும்பக் கொண்டுவந்தார். அவர் தமக்காக வளர்த்துவைத்திருந்த படியுருக்களில் (க்ளோன்களில்) ஒன்றுக்குள் தம் ஆவியைச் செலுத்தி, இளைஞராக எழுந்து நிற்கிறார். அவரை வெல்ல வேறு வழி தெரியாத லூக் ஸ்கைவாக்கர், உள்ளே புகுந்துதான் அழிக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவர் முன் மண்டியிடுகிறான். தந்தை நின்ற இடத்தில் மகன் போய் நிற்கிறான். ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. பேரரசர் பிழைத்துக்கொண்டார் என்றால் வேடர் உயிரைக் கொடுத்ததற்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் தந்தையை மன்னித்த ஒரு மகன், தந்தை எதற்கு ஆட்பட்டாரோ அதைத் தானும் அனுபவித்துத்தான் அந்த மன்னிப்பை முழுமையாக்க முடியும் என்ற எண்ணம் இந்த நூலின் அடியில் ஓடுகிறது. எனக்கு அது பெரிய எண்ணமாகவே படுகிறது.

கென்னடியின் வண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற காமிக்ஸ்களைப் போல முகத்துக்கு ஒரு நிறம், வானத்துக்கு ஒரு நிறம் என்று அவர் பூசவில்லை. ஒரு காட்சி முழுவதும் பச்சையில் தோய்ந்திருக்கும், பக்கத்தைப் புரட்டினால் ஊதா, பிறகு செம்பழுப்பு. பாட்டி முதல் நாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "விளக்கு மாற்றி மாற்றிப் போட்ட நாடக மேடை மாதிரி இருக்கிறது டீச்சர்" என்றார். அதைவிடச் சரியாக நான் எங்கும் கேட்டதில்லை.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் டிஸ்னி லூக்காஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில், படங்களுக்கு வெளியே எழுதப்பட்ட இத்தகைய நாவல்களும் காமிக்ஸும் அதிகாரபூர்வக் கதையில் சேராது, 'லெஜண்ட்ஸ்' என்ற தனிப் பெயரில் இருக்கும் என்று அறிவித்தார்கள். 2019இல் வந்த படத்தில் அதே பேரரசரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சிங்கப்பூருக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு திரையரங்கோடு நின்றதில்லை. ஒன்-நார்த் வட்டாரத்தில், படத்தில் வரும் மணற்பாலை ஊர்தியின் வடிவிலேயே 'சாண்ட்கிராலர்' கட்டடம் 2014இல் திறக்கப்பட்டது. லூக்காஸ்ஃபிலிமின் சிங்கப்பூர்க் கலைஞர்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் அந்தக் கலைக்கூடத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் வேலை போனது. சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்ததை மாணவன் நினைவு வைத்திருந்தான்.

நாங்கள் பயன்படுத்திய பிரதி அப்பாவுடையது. ஆறு இதழ்களையும் ஒன்றாகக் கட்டிய பதிப்பு. உள்ளட்டையில் அவர் பெயரும் '1995' என்ற ஆண்டும் நீல மையில் இருந்தன. பள்ளியில் படித்தபோது கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கியதாம். "அன்றைக்கு நான் போட்ட சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும்" என்று பாட்டி சொன்னார்.

மாணவன்

தமிழ் அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பாட்டி பேசுவது அத்தனையும் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அந்த ஆங்கிலம் பாட்டிக்கும் புரியும். இருவரும் இப்படியே பதின்மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இடையில் யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை. வாய்மொழித் தேர்வில் படத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் மூன்று வாக்கியங்களோடு நின்றுவிடுவான். மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவிப் பட்டியல்களை மனப்பாடமாக ஒப்பிப்பான். ஒன்றையும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை.

வேலை முறை எளியது. அப்பாவின் நூலில் கை வைக்கக் கூடாது என்பதால் பக்கத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்துக் கவ்வியால் பிடித்துவிடுவோம். தாளில் தெரியும் குமிழுக்குள் பென்சிலால் எழுத வேண்டும். அகராதி பார்க்கலாம், கைப்பேசியில் மொழிபெயர்ப்பு பார்க்கக் கூடாது. பாட்டியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் தமிழில்தான் கேட்க வேண்டும். கடைசி விதியைப் பாட்டியே போட்டார்.

பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1970களில் கல்யாணமாகி வந்தவர். காமிக்ஸ் என்றதும் விலகிப் போவார் என்று நினைத்தேன். "மாயாவி கதை மாதிரியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது, அவருடைய தம்பி இரும்புக்கை மாயாவியை நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படிப்பாராம். அந்த மாயாவியும் பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் வந்தவன்தான். அங்கே வரைந்த குமிழ்களுக்குள் இங்கே யாரோ உட்கார்ந்து தமிழை அடக்கி எழுதியிருக்கிறார்கள். நாங்கள் செய்ய உட்கார்ந்த வேலையை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார் என்று சொன்னதும் மாணவன் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆற்றல்

முதல் இரண்டு சனிக்கிழமைகள் ஒரே சொல்லில் கழிந்தன. இந்தக் கதைக்கு ஆணிவேரான, கண்ணுக்குத் தெரியாத வல்லமையான 'ஃபோர்ஸ்' என்பதைத் தமிழில் என்ன சொல்வது?

நான் 'விசை' என்றேன். அறிவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல், சின்னது, குமிழில் அடங்கும். மாணவன் அதை எழுதினான். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "விசையா? விளக்குப் போடுகிற விசையா?" என்று கேட்டார். அதன்பின் அந்தச் சொல்லை அவனால் எழுத முடியவில்லை. லூக் கையை நீட்டும்போதெல்லாம் சுவரில் உள்ள பொத்தான்தான் நினைவுக்கு வருகிறது என்றான்.

அடுத்து 'சக்தி'. பாட்டிக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் கதையில் அதற்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு என்று பையன் விளக்கியதும் அவர் முகம் மாறியது.

"சக்திக்கு ஏது தம்பி இருட்டுப் பக்கம்?"

"காளி இருக்கிறதே பாட்டி?"

"காளி இருட்டு இல்லை. அவள் கோபம். கோபம் வேறு, இருட்டு வேறு."

இதைப் பாட்டி மிகச் சாதாரணமாகச் சொன்னார், பயற்றங்காயை ஒடித்துக்கொண்டே. எனக்கு அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்துவிட்டது போல இருந்தது. இந்தக் கதையில் கோபம்தான் இருளுக்கு இட்டுச்செல்லும் வழி. அந்தப் பாதையையே பாட்டி ஏற்க மறுத்தார். பையன் சக்தியைக் கைவிட்டான்.

'ஆற்றல்' அவனாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டி எப்போதும் கேட்பது, "பசியாறினீர்களா டீச்சர்?" நம் ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. மூன்றாம் வாரம் அவன் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பசியாறுவதில் உள்ள 'ஆறு'வும் ஆற்றலும் உறவா டீச்சர்?" என்று கேட்டான். ஆறுவது தணிவது, ஆற்றுவது தணிப்பது, புண்ணைக் குணமாக்குவது, ஒரு செயலைச் செய்து முடிப்பதும்கூட. ஆற்றல் என்றால் வலிமை, பொறுத்துக்கொள்ளும் திறமும்தான். வள்ளுவரும் பசியைப் பொறுப்பதை ஆற்றல் என்கிறார். இதையெல்லாம் சொல்லி முடித்தேன். "அப்படியானால் லூக் தரப்பில் இருப்பது ஆற்றுகிற ஆற்றல்" என்று எழுதிக்கொண்டான். எதிர்த்தரப்புக்கும் அதே சொல்லா என்று கேட்டேன். ஒரே ஆற்றல்தான், அவர்கள் ஆற்றுவதை மறந்துவிட்டார்கள் என்றான். நான் பரிந்துரைத்த விசையைவிட இது நல்ல சொல். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கூடு விட்டுக் கூடு

படியுருவுக்குள் பேரரசர் ஆவியைச் செலுத்தும் இடத்தில் அவன் இரண்டு வரி முழுக்க எழுதி, குமிழுக்கு வெளியே வழிந்து, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தான். என்ன விஷயம் என்று பாட்டி கேட்டார். தமிழில் சொல்ல வேண்டும் என்பதால் தட்டுத் தடுமாறி, கைகளால் காட்டி, ஒரு உடம்பு கெட்டதும் இன்னொரு உடம்புக்குப் போய்விடுகிறான் என்று விளக்கினான்.

"கூடு விட்டுக் கூடு பாய்கிறான். இதற்கா இவ்வளவு நேரம்?"

ஐந்து சொல் தேடியவனுக்கு ஒரு தொடர் கிடைத்தது, அதுவும் எத்தனையோ நூற்றாண்டு பழையது. பாட்டி அங்கேயே திருமூலர் கதையைச் சொன்னார். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கண்ணீர் விடுகின்றன. வழியே வந்த சித்தர் அவற்றின் துயரம் பொறுக்காமல் மூலனின் உடலுக்குள் புகுகிறார். பையன் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டான். இறுதியில், "அப்படியென்றால் அது நல்லவர்கள் செய்வதா பாட்டி?" என்றான். அவர் சற்று யோசித்து, "அவர் பசுவுக்காகப் பாய்ந்தார். இவன் எதற்குப் பாய்கிறான்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவன் எழுதிய பதில் தாளின் ஓரத்தில் இருக்கிறது: 'தனக்காக.'

இதே இழையில் இன்னொன்று. லூக்கின் உடன்பிறந்தவளான லேயா கருவுற்றிருக்கிறாள். அந்தக் குழந்தையின் மேலும் பேரரசரின் கண் விழுகிறது. பாட்டி முதலில் "கம்சன்" என்றார். பிறகு தாமே திருத்திக்கொண்டார்: கம்சன் கொல்லத்தான் பார்த்தான், இவன் குடியேறப் பார்க்கிறான், இவன் அவனைவிடக் கொடியவன்.

விழும் ஓசை

முதல் இதழில், பகைவரின் நான்கு கால் போர் எந்திரத்தை லூக் தனியாக எதிர்கொண்டு வீழ்த்துகிறான். மாடி உயரத்துக்கு நிற்கும் எந்திரம். அது விழுவதற்கு என்ன ஓசை?

இங்கேதான் மனப்பாடப் பட்டியல் வெளியே வந்தது. முதலில் 'மளமள' என்று எழுதினான். மரம் முறியும்போது அப்படிச் சொல்வோம், இது இரும்பு என்றேன். 'சடசட'வை முயன்றான், அது மழை போல இருக்கிறது என்று அவனே அழித்தான். 'கடகட' வண்டி. 'தடதட' ஓடுகிற கால். எழுந்து சமையலறைக்குப் போய், பாட்டியின் அலுமினியக் குண்டானை எடுத்துவந்து தரையில் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தான். பிறகு தாளில் எந்திரத்தின் கால்கள் மடங்கும் இடத்தில் சின்ன எழுத்தில் 'கிறீச்', உடல் சாயும் இடத்தில் 'மடமட', தரையைத் தொடும் இடத்தில் பெரிதாக ஒரு 'தொம்' எழுதினான். மூன்றும் மூன்று அளவில், ஒரே சாய்வில், விழும் திசையிலேயே.

'மடமட'வில் ஒரு 'மட'வை மட்டும் எடுத்தால் பொருள் இருக்காது என்ற இலக்கண விதியை அவனுக்குத் தொடக்கநிலையிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதன் காரணம் அன்றுதான் அவனுக்குக் கண்ணில் பட்டது. ஒருமுறை எழுதினால் எந்திரம் பாதியில் நிற்கிறது என்றான்.

குமிழின் இடம் தனிப் போராட்டம். டாட் க்ளைன் தன் ஆங்கில எழுத்துகளைக் குமிழுக்குள் காற்றோட்டமாக நிறுத்தியிருப்பார். அதே இடத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு வினைச்சொல்லை எழுதினாலே இரண்டு வரி போய்விடும். எனவே அவன் வெட்டக் கற்றுக்கொண்டான். 'வருகிறார்கள்.' 'வந்துவிட்டார்கள்.' ஆபத்து நெருங்கும்போது 'வந்தாயிற்று.' கட்டுரை வகுப்பில் ஓராண்டாகச் சொல்லியும் நடக்காதது இது. அவன் வாக்கியங்களில் தொங்கிக்கொண்டிருந்த துணைவினைகள் உதிர்ந்தன.

என் தவறு

மூன்றாம் சனிக்கிழமை முடிவில் தாள்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று சிவப்பு மையில் திருத்திக் கொண்டுவந்தேன். ர, ற குழப்பங்கள், ஒற்றுப்பிழைகள், சில இடங்களில் முழு வரியையே மாற்றியிருந்தேன். அவன் தாள்களைப் பார்த்தான், அடுக்கி வைத்தான், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது ஒரு குமிழும் எழுதப்படவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்களே எழுதிவிட்டீர்களே டீச்சர்" என்றான்.

இரண்டு வாரம் வேலை நின்றது. அந்த வாரங்களை நான் பதினொன்றில் சேர்க்கவில்லை. மறுபடி தொடங்கியபோது சிவப்பு மையைக் கொண்டுபோகவில்லை. சந்தேகம் உள்ள இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் பென்சிலால் இட்டேன். அவன் எழுதிய தாளில் என் வரி இருந்தால் அது யாருடைய லூக்? இதை நான் முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம், நான்காம் இதழ்கள் வேகமாக நகர்ந்தன. கடல் சூழ்ந்த ஒரு கோளில் பெரிய சண்டை, உலகங்களையே விழுங்கும் எந்திரங்கள், பேச்சு குறைவு. கடத்தல்காரர்களின் நிலவில் வரும் கிழவி ஒருத்தி லேயாவுக்குப் பழைய ஒளிவாளைக் கொடுக்கும் இடத்தில் மட்டும் பாட்டி அதிக நேரம் நிற்கச் சொன்னார்.

நீ, நீங்கள், அண்ணா

முதல் இதழிலேயே தொடங்கி ஆறாம் இதழில்தான் தீர்ந்த சிக்கல் இது.

ஆங்கிலத்தில் எல்லாரும் எல்லாரையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். அவன் எழுதத் தொடங்கியதும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. பேரரசர் லூக்கை எப்போதும் 'நீ' என்பார், அதில் குழப்பமில்லை. லூக் மண்டியிடும்வரை பேரரசரை 'நீ' என்கிறான். மண்டியிட்ட பிறகு? மாணவன் நீண்ட நேரம் யோசித்து ஒரு விதி செய்தான். நேருக்கு நேர் பேசும்போது 'நீங்கள்'. தங்கையிடம் தனியாகப் பேசும்போது 'அவன்'. லூக் நடிக்கிறான் என்பதை வாசகர் அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான். ஓரிடத்தில் மட்டும், லேயாவிடம் பேசும்போதே லூக்கின் வாயில் 'அவர்' என்று எழுதியிருந்தான். தவறிப்போய் எழுதினாயா என்று கேள்விக்குறி இட்டேன். இல்லை, அந்த இடத்தில் லூக் உண்மையிலேயே அவர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான் என்று பதில் எழுதியிருந்தான். இருளின் பக்கம் சாய்வதை ஒரு விகுதியில் காட்டியிருக்கிறான். ஆங்கிலத்தில் எழுதிய வீட்ச்சுக்கு இந்தக் கருவி கையில் இல்லை.

லேயா கணவன் ஹான் சோலோவை எப்படி அழைப்பாள் என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பாட்டி 'நீங்கள்' என்றார். "அம்மா அப்பாவை 'நீ' என்றுதானே பாட்டி சொல்கிறார்?" என்றான் பேரன். பாட்டி மறுத்துப் பேசவில்லை. 'நீ' நின்றது.

உடன்பிறப்பு பற்றிய சிக்கல்தான் பெரியது. லேயா லூக்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவன் 'சகோதரன்' என்று எழுதினான். "வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா?" என்று பாட்டி கேட்டார். அண்ணனா, தம்பியா? இருவரும் இரட்டையர். இந்தக் காமிக்ஸ் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆங்கிலத்துக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் 2005இல் வந்த படத்தில் தாய் பிள்ளை பெறும் காட்சி உண்டு. முதலில் பிறப்பது லூக். இதை மாணவன் ஒரு நொடியில் சொன்னான். 1991இல் எழுதிய ஒரு வரிக்குத் தமிழில் உரிய சொல் 2005இல்தான் கிடைத்தது.

ஆகவே அண்ணன். ஆனால் லேயா அவனை 'அண்ணா' என்று கூப்பிட மாட்டாள் என்று மாணவன் பிடிவாதமாக நின்றான். அவர்கள் தனித்தனியே வளர்ந்தவர்கள். அவன் யார் என்று தெரிவதற்கு முன்பே பெயர் சொல்லிப் பழகிவிட்டவள். "சில நிமிடம்தானே பாட்டி மூத்தவன்" என்றான். நிமிடமானாலும் மூத்தவன் மூத்தவன்தான் என்று சொன்னாலும், பாட்டி விட்டுக்கொடுத்தார். ஐந்து இதழ்கள் முழுக்க 'லூக்' என்றே எழுதப்பட்டது.

ஆறாம் இதழில், இருளுக்குள் போய்விட்ட லூக்கை லேயா திரும்ப அழைக்கிறாள். வாளோ கப்பலோ செய்ய முடியாத வேலையை அவள் குரல் செய்ய வேண்டும். பத்தாம் சனிக்கிழமை அந்தப் பக்கத்துக்கு வந்தோம். அவன் வழக்கம்போல 'லூக்' என்று எழுதினான். நிறுத்தினான். அழித்தான். மறுபடி 'லூக்' என்றே எழுதி மறுபடி அழித்தான். டிரேசிங் தாள் அந்த இடத்தில் வெளுத்து, தொட்டால் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. பிறகு அழுத்தாமல், மிக லேசாக, 'அண்ணா' என்று எழுதினான்.

பாட்டி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அந்தச் சொல்லை அவன் யாரிடமும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லை. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "அத்தை பெர்த்திலிருந்து போன் பண்ணும்போது அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்" என்றான். பிறகு, "தாத்தா இறந்த அன்றைக்கு மட்டும் அண்ணா என்றார். அது ஒன்றுதான் சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை" என்றான்.

இதை அவன் தமிழில்தான் சொன்னான். சொல்லும்போது எந்த மொழியில் சொல்கிறோம் என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

நிலை

மதிப்பெண் காட்டி இந்த நிகழ்வை நிறுவ என்னால் முடியாது. அரையாண்டுத் தேர்வுகள் நம் பள்ளிகளில் இப்போது இல்லை. ர, ற குழப்பம் அப்படியே இருக்கிறது. ஒற்று இன்னமும் வேண்டாத இடத்தில் வருகிறது, வேண்டிய இடத்தில் வருவதில்லை. கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தால் இப்போதும் பேனா உருள்கிறது. பாட்டியிடம் பெரும்பாலும் இன்னும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். இந்தக் கதையைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுகிறான். பாட்டி அதைக் கண்டுகொண்டு, கதையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார். நான் கவனித்தவரை வாரத்துக்கு நான்கைந்து முறையாவது.

பதினோராம் சனிக்கிழமை தாள்களை எண்ணிட்டுக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்தோம். பாட்டி கேட்டார். "அந்தப் பிள்ளை பிறந்ததா தம்பி? லேயா வயிற்றில் இருந்தது?"

பிறந்தது; பின்வந்த தொடரில். 2001இல் வந்த ஒரு நாவலில் அந்தப் பிள்ளை இளவயதிலேயே போரில் இறந்துவிடுகிறான். 2014 அறிவிப்புக்குப் பிறகு அதிகாரபூர்வக் கதையில் அவன் பிறக்கவே இல்லை. இதெல்லாம் அவனுக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறான்.

"பிறந்தது பாட்டி. ஆண் குழந்தை. தாத்தா பெயரை வைத்தார்கள். அனகின்."

"தாத்தா என்றால்? அந்தக் கறுப்பு முகமூடிக்காரனா?"

"கடைசியில் அவர் நல்லவராகிவிட்டார் பாட்டி."

பாட்டி தலையாட்டிவிட்டு, அதுதானே முறை, பேரனுக்குத் தாத்தா பெயர் என்றார். ஆனால் மாணவன் கோப்பை மூடவில்லை. முதல் தாளிலிருந்து டார்த் வேடரை எல்லாக் குமிழ்களிலும் 'அவன்' என்றே எழுதிவந்தவன், தன் வாயிலிருந்து 'அவர்' வந்ததைத் தானே கேட்டுவிட்டான்.

"டீச்சர், லேயா தன் அப்பாவை எந்த இடத்திலிருந்து 'அவர்' என்று சொல்வாள்?"

எனக்குத் தெரியவில்லை. இருவரும் கவ்விகளைக் கழற்றித் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினோம். லேயா தந்தையைப் பற்றிப் பேசும் குமிழ்கள் ஒவ்வொன்றையும் அவன் பென்சிலால் வட்டமிட்டான். எதையும் இன்னும் அழிக்கவில்லை.